விடுபட்டோர்: ஏழு

கருப்பு ரெக்ஸின் அட்டை, பொன்னெழுத்து.
திருவல்லிக்கேணியில் ஒரே இரவில்
நான்கு பிரதி கட்டி வாங்கினோம்.
ஒன்று துறைக்கு, ஒன்று நூலகத்துக்கு,
ஒன்று சுபத்ரா மேடத்துக்கு.
நான்காவது என் மேசையில்
மடிக்கணினிக்கு முட்டுக்கொடுக்கிறது.
திரை கண்மட்டத்துக்கு வந்தால்
கழுத்துக்கு நல்லது.
ஆய்வேடே கழுத்துவலி பற்றியதுதான்:
காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் பெண்கள்,
முப்பத்தாறு பேர், எட்டு வாரப் பயிற்சி,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அதை மூவாயிரம் சொல்லுக்குள் சுருக்கச் சொன்னார்கள்.

முதல் இதழ் பதினோரு நாளில் திருப்பியது:
எங்கள் எல்லைக்குள் வராது.
இரண்டாவது ஐந்து மாதம் பேசவே இல்லை,
பிறகு இரண்டு வரி.
மூன்றாவது தானாகத் தேடி வந்தது.
'மாண்புமிகு பேராசிரியரே' என்று என்னை விளித்து,
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வெளியிடுவோம்,
ஏழாயிரத்து ஐந்நூறு மட்டும், ஜிபே எண் கீழே.
ஜெபசிங் கட்டினான். வந்துவிட்டது.
அவன் பெயரில் ஓர் எழுத்தும்
நோயாளியின் முழங்காலில் இடம் வலமும்
மாறியிருந்தன.

நான் வேளச்சேரியில் வீடு வீடாகப் போகிறேன்,
விசிட்டுக்கு ஐந்நூறு.
காலை மடக்குங்க சார், பத்து எண்ணுங்க சார்.
அவர் ஏழிலேயே நிறுத்திவிடுவார்.
இரண்டு வீட்டுக்கு நடுவே, மேம்பாலத்தடியில்,
மழை விடும்வரை போனில் மேற்கோள் பட்டியல் திருத்துவேன்.

நான்காவது இதழ் 'திருத்தி அனுப்புக' என்றது.
முதல் மதிப்பீட்டாளருக்குக் காற்புள்ளிகளில் குறை.
இரண்டாமவர் பதினான்கு கேள்வி கேட்டிருந்தார்.
ஒன்பதாவது:
ஏழு பேர் பாதியில் நின்றது ஏன்?
பயிற்சி வலித்ததா?

படத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன்,
வலப்பக்கம் திரும்பும் அம்புக்குறியோடு.
பின்தொடர்வில் விடுபட்டோர்: ஏழு.

'காரணம் தெரியலன்னு போடு,
ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிடு' என்றார் மேடம்.
தெரியவில்லை என்று தட்டினேன்.
கேட்கவில்லை என்பதல்லவா சரியான வினை.

ஆறு எண்கள் உபயோகத்தில் இல்லை.
ஏழாவது அடித்தது. பங்கேற்பாளர் பதினேழு, தேசம்மா.
'ஆரு? எக்சசைஸ் பொண்ணா?'

பெரும்பாக்கம். எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடலை.
மூணாவது வாரம் லாரி வந்ததாம்.
'வூட்ட இடிச்சிட்டு சாமானோட ஏத்திக்கினு வந்து உட்டாங்க.
நாலு பேரு இங்கதான் கீறோம்.
மத்தவங்க எங்கன்னு தெரியலமா.
ராத்திரி ரெண்டு மணி ஏலத்துக்கு
இங்கேர்ந்து பஸ்ஸு ஏது, சொல்லு?'

கழுத்து எப்படி இருக்கு என்றேன், பழக்கதோஷம்.

'கழுத்தா? அது சுத்தமா வலியே இல்ல.
கூடதான் இல்லியே.'

பத்துக்கு எவ்வளவு என்று கேட்கும் அளவுகோலில்
அது பூஜ்ஜியம்.
என் எட்டு வாரப் பயிற்சியில்
ஒருத்தியும் பூஜ்ஜியம் தொடவில்லை.

'பேப்பர்ல வருதுன்னியே, எந்தப் பேப்பரு? தந்தியா?'
இல்லைக்கா, இது வேற பேப்பர்.
'என் பேரு போடுவியா?'
போடக் கூடாதுக்கா, விதி.
'அது சரி. எடம் மட்டும் கரெக்டா போடு.'

வசிப்பிட மாற்றத்தால் விலகினர் என்று எழுதினேன்.
ஏதோ மாற்றலாகிப் போன வங்கி மேலாளர்கள்போல் இருந்தது.
அடித்துவிட்டு எழுதினேன்:
நால்வரின் வீடுகள் ஆய்வின் மூன்றாம் வாரத்தில் இடிக்கப்பட்டன.
அவர்கள் நகரின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டனர்.
மூவரைப் பற்றித் தகவல் இல்லை.

மூவாயிரத்துப் பதினொரு சொல்.
சமர்ப்பிக்கும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நின்றது.

முடிவுரையில் தேடினேன், முறையியலில் தேடினேன்.
இரவு பன்னிரண்டு தாண்டியபின்
நன்றியுரையில்
வசதிகள் செய்துதந்த கல்லூரி நிர்வாகத்துக்கு
மனமார நன்றி நவின்ற வரியை
எண்ணிப் பார்த்தேன்.

எடுத்தேன்.
பொத்தான் நீலமானது.